வீடு இடியும்போது ஹீரோ ஜோக் சொல்லலாமா? (சூப்பர்ஹீரோ படங்கள்: உங்கள் கருத்து வேண்டும்)

கரும்புத்தோட்டம், டொங்காட்
வெள்ளி, இரவு 9:40

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம், இங்கே கேட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ‘எனக்குப் பிடித்த வீரன்’ என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். 11 பேரில் 8 பேர் சூப்பர்ஹீரோவைத்தான் எழுதினார்கள். 13 வயதுப் பெண் ஒருத்தி மட்டும் தலைப்பை மாற்றி, பிடிக்காத வீரனைப் பற்றி எழுதியிருந்தாள். “அவர் நிறைய ஜோக் சொல்வார். வீடு விழும்போதும் ஜோக் சொல்வார். அதனால் பிடிக்காது.” இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்த மனம் வரவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த இரண்டு நாள் மழையில் தென்னாப்பிரிக்காவில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும் போனது. பல மாதம் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாளியோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றவள் நான். இன்றும் எங்கள் தெருவில் ஜோஜோ தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு குறைவு.

எனக்கும் அந்தப் பெண்ணுக்கு இருப்பதுதான் இருக்கிறது. முன்பெல்லாம் மார்வெல் படம் வந்தால் முதல் வாரமே போவேன். இப்போது ஒரு கட்டடம் சரியும் காட்சியில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளத்துக்கு ஒரு மாதம் முன்பு, மார்ச்சில், உம்ஷ்லாங்காவில் ‘தி பேட்மேன்’ பார்த்தேன். கடைசியில் நகரமே நீரில் மூழ்கும். அவர் கையில் சிவப்பாக எரியும் ஃபிளேர் குச்சியோடு இடுப்பளவு தண்ணீரில் நடப்பார், ஜனங்கள் பின்னால் வருவார்கள். பார்த்தபோது ‘நல்ல காட்சி’ என்று மட்டும் நினைத்தேன். ஏப்ரலில் எங்கள் தெருவில் ஒருவர் டார்ச்சோடு முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். அன்றிலிருந்து எனக்கு நெருக்கமான சூப்பர்ஹீரோ படம் அதுதான். அதில் சிரிப்பு அனேகமாக இல்லை.

உங்களுக்கு எப்படி? படம் கனமாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டுமா?

மேசைவிளக்கு, ஜோஹன்னஸ்பர்க்
வெள்ளி, இரவு 10:25

அக்கா, உங்கள் ஊர் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்தவன் நான். அதை மதித்துக்கொண்டே மாற்றுக் கருத்து சொல்கிறேன்.

நான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன். ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் ஹல்க்கும் அயர்ன்மேனும் மோதும் சண்டை எடுத்தது இங்கே, ஜோஹன்னஸ்பர்க் நடுநகரில், 2014ல். நான் தினமும் நடக்கும் தெருக்கள் அவை. அந்தச் சண்டையில் ஒரு காலிக் கட்டடத்தைப் பார்த்து, இதை எவ்வளவு சீக்கிரம் விலைக்கு வாங்கலாம் என்று அயர்ன்மேன் கேட்பார். அப்புறம் ஹல்க்கைத் தூக்கி அதற்குள்ளேயே அடிப்பார். நீங்கள் சொல்வது இந்த மாதிரி ஜோக்தானே?

எனக்கு அது தப்பாகப் படவில்லை. ‘உள்ளே யாரும் இல்லை, பயப்படாதே’ என்று படம் நம்மிடம் சொல்லும் வழி அது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் செத்தவர்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிரிப்பு சில நேரம் இரக்கம்.

எல்லாவற்றையும் இருட்டாக எடுத்தால் உண்மையாகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. சூப்பர்மேனின் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013) ஜோக்கே இல்லாத படம். கடைசி அரை மணி நேரம் நகரத்தைத் தூளாக்கினார்கள். கீழே இருந்த ஒரு ஆளின் முகமாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? 2016ல் அடுத்த படத்தில்தான் அதே இடிபாட்டைத் தெருவில் ஓடும் புரூஸ் வெய்னின் (பேட்மேனின்) கண்ணால் காட்டினார்கள். மூன்று வருடம் கழித்து.

கரும்புத்தோட்டம், டொங்காட்
வெள்ளி, இரவு 10:48

> சிரிப்பு சில நேரம் இரக்கம்.

இதை யோசிக்கிறேன் தம்பி. ஆனால் அந்தக் கட்டடத்தை வாங்கிவிடலாம் என்பது பணக்காரன் ஜோக். எங்கள் பக்கம் இடிந்த சுவரை யாரும் வாங்க வரவில்லை. கடன் வாங்கித்தான் கட்டினோம்.

நாலாம்_யூனிட், சாட்ஸ்வர்த்
சனி, காலை 6:15

நைட் டியூட்டி முடித்து வந்து படிக்கிறேன். தூக்கம் போய்விட்டது.

வெள்ளத்தின்போது எங்களுக்கு நாலு நாள் கரண்ட் இல்லை. என் மகனுக்கு அப்போது 8 வயது. வாய் திறந்து பேசாமல் சுருண்டு படுத்திருந்தான். என் போனில் முன்பே இறக்கி வைத்திருந்த ஸ்பைடர்மேன் கார்ட்டூன் படம் ஒன்று இருந்தது, 2018ல் வந்த ‘ஸ்பைடர்-வெர்ஸ்’. 30 சதவீதம் சார்ஜ். போட்டுவிட்டேன். அதில் ஸ்பைடர்மேனாகும் பையன் மைல்ஸுக்குப் புதிதாகச் சக்தி வந்து, கை ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே, அங்கே சிரித்தான். மூன்று நாளில் முதல் சிரிப்பு. நான் அடுப்படியில் போய் அழுதேன். அதனால் ஜோக்கே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது அக்கா.

ஆனால் யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மைல்ஸ் சிரிப்பு மூட்டுவது அவன் தடுமாறுகிறபோது. அயர்ன்மேன் சிரிப்பு மூட்டுவது மேலே பறக்கிறபோது. கீழே மாட்டிக்கொண்டவன் சொல்லும் ஜோக் வேறு, மேலே இருப்பவன் சொல்லும் ஜோக் வேறு.

சிவகார்த்திகேயனின் ‘மாவீரன்’ (2023) பார்த்தீர்களா? குடிசையைக் காலி செய்யவைத்து, மட்டமாகக் கட்டிய அடுக்குமாடியில் ஜனங்களைக் கொண்டுபோய் வைப்பார்கள். சுவர் விரியும், பூச்சு உதிரும். அந்த வீட்டுக்குள் நடக்கும் வேடிக்கைக்கு நானும் என் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா சிரித்ததுதான் எனக்கு முக்கியம். அவரைச் சின்னப் பிள்ளையாக டர்பனின் மாகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து லாரியில் ஏற்றி சாட்ஸ்வர்த்தில் இறக்கினார்கள். குரூப் ஏரியாஸ் சட்டம், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த சட்டம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், பக்கத்து வீட்டு இருமல் இந்தப் பக்கம் கேட்கும். படம் முடிந்ததும் “இவங்க நம்ம வீட்டுக்குள்ள வந்து எடுத்திருக்காங்க” என்றார். அந்த ஹீரோ பயந்தாங்கொள்ளி, பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவன். பறக்கக்கூடத் தெரியாது. அம்மாவுக்கு அவன்தான் சூப்பர்ஹீரோ.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். ‘ஸ்பைடர்மேன் 2’, 2004ல் வந்தது. பீட்டர் பிறந்தநாளுக்கு மே அத்தை 20 டாலர் கொடுப்பாரே? அவருக்கே வீடு கைவிட்டுப் போகிற நிலைமை. பேரனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று என் ஆயா பென்ஷன் பணத்தில் கையில் திணிக்கிற அதே நோட்டு. அப்புறம் ரயிலை நிறுத்திவிட்டு அவன் மயங்கும்போது, ஜனங்கள் தலைக்குமேல் கைமாற்றி உள்ளே கொண்டுபோவார்கள். காவடி நாளில் அருள் வந்து சாய்கிறவரை நம் ஆட்கள் கீழே விழவிடாமல் தாங்குவது போலவே. அந்தப் படத்தில் ஜோக்கும் உண்டு, அழுகையும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வருகிறது.

ரோஸ்ஹில், மொரிஷியஸ்
சனி, காலை 9:02

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குத் தியேட்டரில் இந்தப் படங்கள் பெரும்பாலும் பிரெஞ்சு டப்பிங்கில்தான் வரும். பேட்மேன் பிரெஞ்சில் உறுமுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரே படத்தை இரண்டு மொழியில் பார்த்தால் தெரியும்: சண்டை அப்படியே இருக்கும், ஜோக்தான் முதலில் செத்துப்போகும். அதனால் எங்கள் வீட்டில் ஜோக் நிறைந்த படங்கள் யாருக்கும் பெரிதாக ஒட்டவில்லை. அழுகிற காட்சிக்கு எந்த மொழியும் தடையில்லை.

மேசைவிளக்கு, ஜோஹன்னஸ்பர்க்
சனி, காலை 9:30

ரோஸ்ஹில் அண்ணா சொல்வது சரி. ‘எண்ட்கேம்’ (2019) தமிழ் டப்பிங்கை விடுமுறையில் சென்னையில் பார்த்தேன். அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல், வசனம் ஏ.ஆர். முருகதாஸ். குரல் சேரவில்லை என்று இணையத்தில் பெரிய சண்டையே நடந்தது. எனக்கும் முதல் பத்து நிமிடம் ஒட்டவில்லை. ஆனால் என் அப்பா இந்த மாதிரிப் படத்தை முதல்முதலாக முழுசாக உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

மொழி என்றதும் ‘பிளாக் பேந்தர்’ ஞாபகம் வருகிறது. என்னோடு வேலை பார்க்கும் கோசா மொழிக்காரர் ஒருவர் அதை மூன்று முறை பார்த்தார். வக்காண்டா என்ற கற்பனை நாட்டின் மொழியாகப் படத்தில் பேசுவது கோசா. ஹீரோவின் அப்பாவான அரசராக நடித்த ஜான் கனி இந்த நாட்டின் பெரிய நாடகக் கலைஞர். அதற்கு முன் அதே பாத்திரத்தில் நடித்த 2016 படமான ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’லேயே தன் தாய்மொழியை அவர்தான் கொண்டுவந்தார். மற்ற நடிகர்களின் உச்சரிப்பு சரியில்லை என்று என் நண்பருக்குக் குறை உண்டு. இருந்தும், “என் அம்மா திட்டுகிற மொழியில் ஒரு ராஜா பேசுகிறார்” என்றார். அவருக்குப் படம் இருட்டா வெளிச்சமா என்பது பொருட்டே இல்லை.

மாரிட்ஸ்பர்க் தாத்தா
சனி, மதியம் 2:10

பிள்ளைகளே, எனக்கு 74 வயது. பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

இந்த நாட்டில் டிவி வந்ததே 1976ல். அதுவரை எங்களுக்கு சினிமாக் கொட்டகைதான். சூப்பர்மேன் காமிக்ஸ் கையில் கிடைக்கும், படிப்போம், ஆனால் எங்கள் சூப்பர்ஹீரோ எம்.ஜி.ஆர். அவர் ஒரு காட்சியிலும் குழம்பமாட்டார். அவருக்குச் சந்தேகம் வராது, தோற்கமாட்டார், அடி வாங்கினாலும் இரண்டு அடிதான். இன்றைக்கு நீங்கள் சொல்கிற ‘நம்மைப்போல் ஒருவன்’ கணக்கில் பார்த்தால் அவர் எங்களைப்போல் இல்லவே இல்லை. இருந்தும் ஏன் எங்கள் ஆளாக இருந்தார்?

1964ல் படகோட்டி, 1967ல் விவசாயி, 1971ல் ரிக்‌ஷாக்காரன். என் அப்பா கரும்பு வெட்டினவர். திரையில் ஒருவர் துடுப்பு பிடிக்கிறார், ஏர் பிடிக்கிறார், வண்டி இழுக்கிறார், அதே கையால் முதலாளியின் அடியாளை அடிக்கிறார். அப்பாவுக்கு அது போதும். ஹீரோ நம்மைப்போல் பலவீனமானவனாக இருக்கவேண்டியதில்லை. நம் வேலை அவன் கையில் இருக்கவேண்டும்.

இப்போது வரும் ஹீரோக்களில் பாதிப் பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்றே எனக்குத் தெரிவதில்லை. அந்தப் பீட்டர் பையன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறான், நேரமாகி வேலை போகிறது. அது எனக்குப் புரிகிறது. கோடீஸ்வரன் குகைக்குள் உட்கார்ந்து வருத்தப்படுவது புரியவில்லை. வெயிலில் வேலை செய்தால் வருத்தத்துக்கு நேரம் இருக்காது.

தெருமுனை, ஃபீனிக்ஸ்
ஞாயிறு, இரவு 11:50

இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். எழுதிவிடுகிறேன்.

கரும்புத்தோட்டம் அக்கா சொன்ன ‘தி பேட்மேன்’ எனக்கும் பிடித்த படம், ஆனால் என்னால் அதை இரண்டாம் முறை பார்க்க முடியாது. காரணம் வெள்ளம் இல்லை, அதற்கு முந்தைய வருடம், 2021 ஜூலைக் கலவரம். எங்கள் ஃபீனிக்ஸ், டர்பன் பக்கம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஊர்.

கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை. எங்கள் தெருமுனையில் டயரும் மரக்கிளையும் போட்டு அடைத்தோம். ராத்திரி முழுக்க ஆண்கள் நின்றோம். முதல் ராத்திரி எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். உள்ளே மனைவியும் அம்மாவும் தூங்குகிறார்கள், நான் காவல் நிற்கிறேன். சின்ன வயதிலிருந்து படத்தில் பார்த்த வேலை இதுதானே.

இரண்டாம் ராத்திரி ஒரு மனிதர் நடந்து வந்தார். கறுப்பினத்தவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர், தோளில் ஒரு பை. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, அடிக்காதீர்கள் என்றார். நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே. நாங்கள் அவரை அடிக்கவில்லை. வழிவிட்டோம். ஆனால் அவர் எங்களைக் கடந்து போகும்வரை கையைக் கீழே இறக்கவில்லை. கொரோனா காலம், எல்லோரும் முகமூடி போட்டிருந்தோம். என் கையில் கிரிக்கெட் மட்டை.

எங்கள் தெருவில் அப்படி முடிந்தது. ஃபீனிக்ஸில் மற்ற இடங்களில் அப்படி முடியவில்லை. 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அது என் ஊர்.

எட்டு மாதம் கழித்து அந்தப் படத்துக்குப் போகிறேன். தொடக்கத்திலேயே ரயில் நிலையத்தில் ஒரு கும்பல் ஒருவரை அடிக்க வரும். பேட்மேன் இருட்டிலிருந்து வந்து கும்பலை நொறுக்குவார். காப்பாற்றப்பட்ட அந்த மனிதர் தரையில் கிடந்தபடி அவரைப் பார்த்து, என்னை ஒன்றும் செய்யாதீர்கள் என்று கெஞ்சுவார். தியேட்டரில் எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

யாரோடு நாம் ஒட்டுகிறோம் என்று கேட்டீர்கள். எனக்கு ஹீரோவோடு ஒட்டியது. அந்த ஒட்டல்தான் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் சிரிப்புப் படங்கள் மட்டும் பார்க்கிறேன், மன்னிக்கவும்.

நாலாம்_யூனிட், சாட்ஸ்வர்த்
திங்கள், காலை 6:40

அண்ணா, நீங்கள் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் தெருவிலும் அடைத்திருந்தார்கள். நான் டியூட்டிக்குப் போக வழிவிட்டார்கள். என்னோடு வேலை செய்யும் ஸுலு சகோதரியால் அந்த வாரம் முழுக்க வரமுடியவில்லை. அவரிடம் இதைப்பற்றி இன்றுவரை நான் முழுசாகப் பேசியதில்லை.

மேசைவிளக்கு, ஜோஹன்னஸ்பர்க்
திங்கள், மதியம் 1:15

தெருமுனை அண்ணா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. படித்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சிரிப்புப் படம் என்றீர்களே, 2025ல் வந்த ‘சூப்பர்மேன்’ பார்த்திருக்கிறீர்களா? பூதாகாரமான மிருகம் நகரத்தை மிதிக்கும் நடுவில், ஒரு அணிலைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் விடுவார். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது ஜோக் இல்லை, அவர் உண்மையாகவே அந்த அணிலைப் பார்த்திருக்கிறார். கரும்புத்தோட்டம் அக்கா, உங்கள் மாணவிக்கு இந்தப் படம் பிடிக்கலாம். வீடு விழும்போது வாய் பேசாமல் கை வேலை செய்கிற ஆள் இவர்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா
திங்கள், மாலை 5:30

அணிலுக்கு முதுகில் மூன்று கோடு போட்டவர் ராமர் என்று சொல்லி வளர்த்தவன் நான். இந்த வாரம் அந்தப் படத்தைப் பேரனோடு பார்க்கிறேன்.

ஃபீனிக்ஸ் தம்பி, எம்.ஜி.ஆருக்குச் சந்தேகமே வராது என்று மேலே பெருமையாகச் சொன்னேன். உன்னுடையதைப் படித்த பிறகு அதே சொல் வேறு மாதிரிக் கேட்கிறது. அடைத்த தெருவில் நிற்பவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

கரும்புத்தோட்டம், டொங்காட்
புதன், இரவு 10:05

நேற்று ராத்திரி ‘தி பேட்மேன்’ மறுபடி பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். தெருமுனை தம்பி எழுதியதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

எனக்கு வெள்ளமும் ஃபிளேரும் மட்டும் நினைவில் நின்றிருந்தது. நடுவில் இருந்ததை எப்படி மறந்தேன்? ரயில் நிலையத்தில் பேட்மேன் தன்னைப் ‘பழிவாங்கல்’ என்று சொல்லிக்கொள்வார். கடைசியில், வெள்ளத்துக்கு நடுவே துப்பாக்கியால் சுட்ட முகமூடிக்காரர்களில் ஒருவனைப் பிடித்து யார் நீ என்று கேட்டால், அவனும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்கிறான். பேட்மேனிடம் கற்றுக்கொண்டது அது. அதைக் கேட்டு அவர் முகம் விழும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் குதிக்கிறார், அதற்குப் பிறகுதான் ஃபிளேர்.

இன்னொன்றையும் கவனித்தேன். இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவர் கை நீட்டியதும் பிடித்துவிடவில்லை. பயந்து பின்வாங்குகிறார்கள். அவரும் நீட்டிய கையை எடுக்காமல் நிற்கிறார். முதலில் கையைப் பிடிப்பது ஒரு சிறுவன், அப்பாவைப் பறிகொடுத்தவன். அப்புறம்தான் மற்றவர்கள்.

2022ல் எங்கள் தெருவில் டார்ச்சோடு முன்னால் போனவர் பக்கத்துக் குடியிருப்பில் இருந்து வந்த ஸுலு மனிதர். முதல் பதிவில் நான் ‘ஒருவர்’ என்று மட்டும் எழுதினேன். அந்த ஜூலைக் கலவரம் கழிந்து ஒன்பது மாதம் அப்போது. அவர் எங்கள் கேட்டைத் தட்டியபோது என் கணவர் உடனே திறக்கவில்லை. யார் என்று இரண்டு முறை கேட்டார். அவர் மழையில் நின்றுகொண்டே இருந்தார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை வகுப்பில் அந்தப் பெண்ணிடம் தாளைத் திருப்பிக் கொடுக்கிறேன். நாலாம் யூனிட் தங்கை சொன்ன ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தை மண்டபத்தில் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். தமிழ் வசனத்தோடு யாரிடமாவது இருக்கிறதா?

தெருமுனை, ஃபீனிக்ஸ்
புதன், இரவு 11:20

என்னிடம் இருக்கிறது அக்கா. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வகுப்பு? நேரில் கொண்டுவருகிறேன். அவர் இன்னும் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறாரா?

கரும்புத்தோட்டம், டொங்காட்
புதன், இரவு 11:31

ஒன்பதரைக்கு. இருக்கிறார். நாற்காலி போட உதவ அவர் மகனும் வருவான்.